புத்தகத்தை மூடினால்தான் பாடம் ஏறும்

அக்கா மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது உயிரியல் புத்தகம் மேசையில் விரிந்து கிடந்தது. கழிவுநீக்கப் பாடம். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். விட்டுவைத்த வரி நான்கைந்து இருந்தாலே அதிகம். "எத்தனை தடவை படிச்சே?" என்றேன். "நாலு தடவை மாமா." புத்தகத்தை மூடிவிட்டு, ரத்தத்திலிருந்து சிறுநீர் எப்படிப் பிரிகிறது என்று கேட்டேன். குளோமருலஸ் என்றாள், பௌமானின் கிண்ணம் என்றாள், அப்புறம் கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும் மாமா, சொல்லத்தான் வரல."

அவள் பொய் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் அவளுக்குப் பார்த்துப் பழகிய வரிதான். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியும், பெயர் மட்டும் வராது இல்லையா, அதே கதை. பார்த்ததும் அடையாளம் தெரிவது ஒரு வேலை. எதையும் பார்க்காமல் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பது வேறொரு வேலை. நாலு தடவை வாசித்ததில் அவள் முதல் வேலையில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். பரீட்சை கேட்பதோ இரண்டாவதை.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2006-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. கருவி, ஸ்கேன் எதுவும் கிடையாது. சூரியனைப் பற்றி ஒரு பத்தி, கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பத்தி, வெள்ளைத்தாள், பேனா, கடிகாரம். அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஐந்தைந்து நிமிடமாக நான்கு சுற்று. முதல் குழுவுக்கு நான்கு சுற்றும் வாசிப்பு மட்டும். இரண்டாவது குழு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நான்காவதில் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருப்பதைத் தாளில் எழுத வேண்டும். மூன்றாவது குழு ஒரே ஒரு சுற்றுதான் வாசிக்கலாம். மிச்ச மூன்று சுற்றும் வெறும் தாளில் எழுதுவது. எழுதியது சரியா தப்பா என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள். கணக்குப் பார்த்தால் முதல் குழு அந்தப் பத்தியைச் சராசரியாகப் பதினான்கு தடவை வாசித்திருந்தது. மூன்றாவது குழு மூன்று தடவைக்குக் கொஞ்சம் அதிகம்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முதலிடம்: பத்தியின் 83 சதவீதக் கருத்துகளைத் திருப்பி எழுதினார்கள். ஒரு முறை எழுதிப் பார்த்தவர்கள் 78, மூன்று முறை எழுதியவர்கள் 71. பரீட்சைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டுகிற பழக்கம் ஏன் சாகமாட்டேன் என்கிறது என்பதற்கு இதுதான் பதில். அந்த ஐந்து நிமிடத்துக்கு அது வேலை செய்கிறது.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் வரிசை தலைகீழாகிவிட்டது. மூன்று முறை எழுதியவர்கள் 61 சதவீதம், ஒரு முறை எழுதியவர்கள் 56. பதினான்கு தடவை வாசித்த மகாராசர்கள் 40. இதில் வேடிக்கை, பாடம் முடிந்த கையோடு "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் இந்தக் கடைசிக் கூட்டம்தான்.

இதே இருவர் 2008-இல் செய்த இன்னொரு சோதனையில் நாற்பது ஸ்வாஹிலிச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். மஷுவா என்றால் படகு, இப்படி. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னதும் "இது தெரிந்துவிட்டது" என்று கேள்வியிலிருந்து நீக்கினால், ஒரு வாரத்தில் முப்பத்தைந்து சதவீதம்போலத்தான் மிஞ்சியது. சரியாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவர்களிடம் 80 சதவீதம் மிஞ்சியது. தெரிந்த சொல்லை மறுபடி வாசித்தார்களா இல்லையா என்பது கிட்டத்தட்ட எந்த மாற்றத்தையும் செய்யவில்லை.

ஏன் இப்படி? நினைவை அலமாரியாக நினைத்தால் இது விளங்காது. அலமாரியிலிருந்து வேட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் வேட்டி அப்படியேதான் இருக்கும். நினைவு அப்படி இல்லை. தேடி எடுக்கிற ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் மாறுகிறது, அதை அடைகிற வழி கொஞ்சம் பழகுகிறது. வயல் நடுவே ஆள் நடக்க நடக்கத்தான் ஒற்றையடிப் பாதை விழும். வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தால் விழாது. அதோடு, தேடும்போது அக்கம்பக்கத்து விஷயங்களும் கிளறப்படுகின்றன. நாளைக்கு ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழியாகப் போய்ச் சேரலாம். தேடித் தோற்பதிலும் லாபம் உண்டு: எது தெரியாது என்று தெரிந்துவிடுகிறது. அதன்பின் புத்தகத்தைத் திறக்கும் கண் நேராக அந்த ஓட்டைக்குத்தான் போகும். ஆனால் திறந்து பார்க்க வேண்டும். தப்பான பதிலைத் திருத்தாமல் விட்டால் அதுவும் சேர்ந்து பழகிவிடும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லமுடியாது. 1939-லேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஸ்பிட்சர் என்பவர் இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். அதற்கும் முன்னால், 1885-இல் ஜெர்மனியின் எபிங்ஹாஸ், தன்னையே சோதனை எலியாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்தார். மறந்த பட்டியலைத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். இருபது நிமிடத்திலேயே அந்த மிச்சம் 58 சதவீதமாக இறங்கிவிட்டது, ஒரு நாளில் 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21 இருந்தது. மறதி முதல் நாளில் ஓட்டமாக ஓடி, அப்புறம் நொண்டுகிறது.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளியிலும் இதன் சாயல் இருந்திருக்கிறது. உ.வே.சா. தன் சிறுவயதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒரு பூ, ஒரு மிருகம், ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் மறக்காமல் சொல்ல வேண்டும். நடுவே ஓர் இரவு, பிறகு தேடி எடுத்தல். ஆய்வுக்கூடத்தில் இதைவிடச் சுருக்கமாக வடிவமைப்பது கடினம்.

'ஒப்பித்தல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். படித்ததை இன்னொருவர் முன்னால் எடுத்துக் கொடுப்பது. நம்மில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரம்புதான் நினைவுக்கு வரும். அது நியாயம்தான். வரி பிசகாமல் சொல்லவேண்டும், பிசகினால் அடி என்றிருந்த ஒப்பித்தல், புரியாமல் உருப்போடவே பழக்கியது. ஆனால் அந்தக் கோபத்தில் எடுத்துக் கொடுத்தல் என்ற நல்ல பாதியையும் சேர்த்துத் தூக்கிப்போட்டுவிட்டோம் என்பது என் எண்ணம். மிஞ்சியது மார்க் போடும் டெஸ்ட். சைக்கிள் டெஸ்ட், மாடல் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட். ரேங்க் கார்டில் ஏறாத, தப்பினால் யாரும் முறைக்காத டெஸ்ட்தான் கிடைப்பதில்லை. மேலே சொன்ன மாணவர்கள் எழுதியது அந்த ரகம்.

எவ்வளவு இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது? 1,350 பேருக்கு மேல் இணையம் வழியே சோதித்த ஓர் ஆய்வு 2008-இல் வந்தது. ஒரு வாரம் கழித்து வேண்டுமென்றால் ஒரு நாள் இடைவெளி, ஒரு வருடம் கழித்து வேண்டுமென்றால் மூன்று வாரம் என்ற கணக்கு அதில் நன்றாக வேலை செய்தது. மறக்கத் தொடங்கும்போது தேடினால் தேடலுக்குப் பலன் அதிகம். வாசித்த ஐந்தாவது நிமிடமே சொல்லிப் பார்ப்பதும் வீண் இல்லை, ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது.

2013-இல் படிப்பு முறைகள் பத்தை எடைபோட்ட ஒரு பெரிய தொகுப்பாய்வு, தன்னைத்தானே சோதிப்பதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் மட்டும் மேல்வரிசையில் வைத்தது. கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்வரிசை. பல பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் சிக்கலான கணக்குகளில் இதே அளவு பலன் உண்டா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே நடந்திருக்கிறது. ஒன்றுமே புரியாத பாடத்தை மூடிவைத்து யோசிப்பதில் என்ன கிடைக்கும்? முதலில் புரிய வேண்டும்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது என்றால், ஒரு வெள்ளைத்தாளில் நெஃப்ரானை, அதாவது சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழலை, நினைவிலிருந்து வரையச் சொன்னேன். ஹென்லே வளைவை நேராகச் சேகரிப்பு நாளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். புத்தகத்தைத் திறந்து பார்த்து, "அய்யோ, நடுவுல சேய்மை நுண்குழல்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து போனில் கூப்பிட்டாள். வாசிக்காமலே முழுசாக வரைந்தாளாம். "இப்ப நீங்க சொல்லுங்க மாமா, பௌமானின் கிண்ணத்துக்கு அடுத்து என்ன?" அந்தப் பக்கத்தை அவளோடு சேர்ந்து நானும் மூன்று தடவை வாசித்திருந்தேன். என் வீட்டு மின்விசிறியும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.