விமானத்துக்கு ககன் கருவி கட்டாயம்: எதற்கு, யாருக்கு?

போனில் ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் பக்கத்துத் தெருவில் போய் நிற்போம், அவ்வளவுதான். மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடி இறங்குகிற விமானிக்கோ, ஜிபிஎஸ் தப்பாகக் காட்டுவதைவிட அது தப்பு என்று தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. அதற்காகத்தான் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து, ஜிபிஎஸ் பிழையைத் திருத்தி எச்சரிக்கும் அமைப்பான ககனை உருவாக்கின.

நாடு முழுக்க 15 தரை நிலையங்கள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாக அளந்து வைத்த விஷயம், அதனால் ஜிபிஎஸ் சொல்லும் இடத்தோடு ஒப்பிட்டாலே பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு பெங்களூரு மையத்துக்குப் போய், திருத்தத் தகவலாக மாறி இந்தியாவின் ஜிசாட் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து விமானத்துக்கு வருகிறது. ஏதாவது ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சொதப்பினால் 'இதை நம்பாதே' என்ற எச்சரிக்கையும் நொடிக்கணக்கில் வந்துவிடும். நம் பக்கம் இது லேசான வேலை இல்லை. பூமியின் காந்தப்புல நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போவதால் தலைக்கு மேலிருக்கும் அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அடுக்கு) ஜிபிஎஸ் சிக்னலைத் தாறுமாறாகத் தாமதப்படுத்தும், முக்கியமாக சூரியன் மறைந்த பிறகு.

சரி, விதி என்ன? 2021 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பதிவாகும் விமானங்களில் ககன் கருவி இருக்க வேண்டும். 2016 விமானக் கொள்கை சொன்ன தேதி 2019 ஜனவரி 1, அது தள்ளிப்போனது. 2021 ஜூலை 1-க்கு முன்பே பதிவான விமானங்களை இந்த விதி கட்டாயப்படுத்தவில்லை, என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை அதுதான். கருவி மட்டும் போதாது, அந்தந்த ஓடுபாதைக்கு இறங்கும் முறையை வகுத்து அனுமதி வாங்க வேண்டும், விமானிக்கும் பயிற்சி வேண்டும்.

லாபம் சின்ன விமான நிலையங்களுக்குத்தான். விமானத்தை ரேடியோ சிக்னலால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் விலை உயர்ந்த ஐஎல்எஸ் கருவியைத் தரையில் நிறுவாமலே, மேகம் தாழ்ந்திருக்கும் நாளிலும் சுமார் 250 அடி உயரம் வரை வழிகாட்டுதலோடு இறங்கிவரலாம். 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் இப்படித்தான் இறங்கிக் காட்டியது.

பயணிகள் இதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அப்புறம் ஒன்று: யாராவது வேண்டுமென்றே போலி ஜிபிஎஸ் சிக்னல் அனுப்பினால் அதைத் தடுக்க ககனால் முடியாது. அப்போது விமானி பழையபடி தரையிலுள்ள வழிகாட்டிக் கருவிகளைத்தான் நம்ப வேண்டும்.