சிடி போடும் இடமில்லாத லேப்டாப்பும் வைஃபை டிரைவரும்

லேப்டாப்பின் உள் வைஃபை கெட்டுப்போனால், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போய் யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் குட்டி வைஃபை கருவி) ஒன்று வாங்கி வருவார்கள். பெட்டியைப் பிரித்தால் நகத்தளவு டாங்கிள், கூடவே அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் உள்ள 8 சென்டிமீட்டர் குட்டி சிடி. இப்போதைய லேப்டாப்பில் அந்தச் சிடியைப் போட இடமே கிடையாது. டிரைவரை நெட்டில் இறக்கலாம் என்றால், நெட் வரவே டிரைவர் வேண்டும். டாங்கிளைச் செருகியதும் உள்ளே நடப்பது தெரிந்தால் இந்த முடிச்சு தானாக அவிழும்.

செருகியவுடன் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கிறது. டாங்கிள் இரண்டு எண்களைச் சொல்கிறது: தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண். ஒவ்வொன்றும் 16 பிட், எழுதினால் நான்கு இலக்கம் (0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இதில் இலக்கங்களே). ரியல்டெக் நிறுவனத்தின் எண் 0பிடிஏ. மலிவு டாங்கிள்கள் பலவற்றில் இருக்கும் அதன் சிப் ஒன்றின் எண் 8179. வாளையார் சோதனைச் சாவடியில் லாரியின் பெயிண்டைப் பார்க்காமல் நம்பர் பிளேட்டைப் பார்ப்பதுபோல, விண்டோஸ் இந்த எண்களைத்தான் பார்க்கிறது.

எந்த வகைச் சாதனம் என்று சொல்லும் இன்னொரு குறியீடும் வரும். கீபோர்டு, மவுஸ் என்றால் 03, பென்டிரைவ் என்றால் 08. இவற்றுக்கு உலகம் முழுக்க ஒரே விதிமுறை இருப்பதால், எந்தக் கம்பெனி பென்டிரைவைச் செருகினாலும் விண்டோஸில் ஏற்கெனவே உள்ள டிரைவரே போதும். வைஃபை டாங்கிள்கள் பெரும்பாலும் சொல்வது எஃப்எஃப், அதாவது "நிறுவனத்தின் சொந்த முறை". அந்தச் சிப்புடன் பேசும் விதம் அதற்கென்று எழுதிய டிரைவருக்கு மட்டுமே தெரியும். பென்டிரைவுக்கு இல்லாத தொல்லை டாங்கிளுக்கு வருவது இதனால்தான்.

டிரைவர் என்பது சில கோப்புகள், அவ்வளவே. ஐஎன்எஃப் கோப்பில் எந்தெந்த எண்களுக்கு இது பொருந்தும் என்ற பட்டியல், எஸ்ஒய்எஸ் கோப்பில் வேலை செய்யும் புரோகிராம், கேட் கோப்பில் டிஜிட்டல் கையெழுத்து. இவை சிடியில் வந்தாலும் பென்டிரைவில் வந்தாலும் ஒன்றுதான். சிடி டிரைவ் உள்ள யாருடைய கம்ப்யூட்டரிலாவது முழுவதையும் பென்டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். பிறகு விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் விழுந்த சாதனத்தைத் திறந்து, "அப்டேட் டிரைவர்" கொடுத்து, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பட்டியலில் எண் இருந்தால் ஏறிவிடும்.

சிடியே கிடைக்காவிட்டால் நான் முதலில் சொல்வது ஆண்ட்ராய்டு போனைத்தான். டேட்டா போகும் கேபிளில் இணைத்து (சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் உதவாது) யுஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கேபிள் வழியே பகிரும் வசதியை) ஆன் செய்தால், போன் தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொள்ளும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாகூடச் செலவாகாது. அந்த நெட்டிலேயே டாங்கிளின் டிரைவரை இறக்கிவிடலாம்.

சில டாங்கிள்கள் இந்தச் சிக்கலைத் தாங்களே தீர்த்துக்கொள்கின்றன. செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவாக நடிக்கும்; டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும். நிறுவி முடிந்ததும் வேடத்தைக் கலைத்து வைஃபை சாதனமாக மாறும். புதிதாக ஒரு சிடி டிரைவ் தோன்றினால் பயப்படாமல் திறந்து பாருங்கள்.

டிரைவரைத் தேடும்போது பெட்டியில் அச்சடித்த மாடல் பெயரை நம்பாதீர்கள். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப். பெயர் ஒன்று, டிரைவர் வேறு. டிவைஸ் மேனேஜரில் "டீடெயில்ஸ்" பக்கத்தில் "ஹார்டுவேர் ஐடி"யைப் பார்த்து, அந்த எண்ணுக்கு உரியதைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். கண்ட தளத்திலிருந்தும் எடுக்காதீர்கள்; டிரைவர் கணினியின் மையம்வரை நுழையும் உரிமை பெற்றது.

கேரளப் பள்ளிகளுக்கு அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான் ஓடுகிறது. அதன் மையத்திலேயே பல சிப்களுக்கு டிரைவர் உண்டு என்பதால் டாங்கிள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். செய்யாவிட்டால், கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுங்கள். அதே இரண்டு எண்களும் அங்கே வரும்.