விழும் தலைக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?

“மெதுவாகத்தானே ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு ஹெல்மெட்?” அன்றாட வேலைக்குச் சைக்கிள் எடுப்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது.

சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து ஒரு பொருளை விட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 19.5 கி.மீ. சைக்கிள் வேகமாகப் போனாலும் சரி, நின்ற இடத்தில் காலை ஊன்றத் தவறிச் சாய்ந்தாலும் சரி, கீழ்நோக்கிய இந்த வேகத்தைத் தருவது புவியீர்ப்பு. மெதுவாக மிதிப்பதால் அது குறையாது. கையோ தோளோ முதலில் தரையில் பட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1078-இல், ஹெல்மெட் மாட்டிய தலைவடிவ மாதிரியைத் தட்டையான இரும்புப் பரப்பின் மேல் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் விழவைக்கிறார்கள். இதை மணிக் கணக்கில் மாற்றிப் பாருங்கள்: அதே 19.5 கி.மீ. வரும்!

அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. வெறும் தலை தரையில் மோதினால் தோலும் எலும்பும் அமுங்குவது சில மில்லிமீட்டர். மூன்று என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகப் பார்த்தால், தலை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 500 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருப்பதோ தெர்மோகோல் வகை நுரை. அதன் நுண்ணறைகள் நொறுங்கி இரண்டு சென்டிமீட்டர் அமுங்கினால், அதே மோதல் 75 மடங்காகிவிடுகிறது. உண்மை மோதலில் உச்சம் இந்தச் சராசரியைத் தாண்டும். அதனால்தான் தரநிலை 250 மடங்கு வரை அனுமதிக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் நுரை இவ்வளவு செய்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, அப்படியானால் மெதுவாக ஓட்டிப் பயனே இல்லையா? நிறைய இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி எடுத்தால், நல்ல பிரேக்கோடும் நிற்பதற்குள் சுமார் 17 மீட்டர் கடந்துவிடுவார். 15 கி.மீ. வேகத்தில் ஆறரை மீட்டர் போதும். சுவரிலோ வண்டியிலோ நேராக மோதினாலும் இயக்க ஆற்றல் நான்கில் ஒரு பங்குதான். ஆக, விழாமல் இருக்கப் பெரிதும் உதவுவது நிதானம். அதற்காக நடை வேகத்துக்கு இறங்கிவிடக் கூடாது, ஹேண்டில் ஆடத் தொடங்கும்.

கார் வேகமாக வந்து இடிக்கும் விபத்தை மனதில் வைத்து இந்தச் சோதனைகள் அமைக்கப்படவில்லை. அங்கே குறைய வேண்டியது காரின் வேகம். ஆனால் குழி, ஈரத் தரை, குறுக்கே ஓடும் நாய் என்று அன்றாடம் நேரும் விழுதல்கள் பெரும்பாலும் அந்த ஒன்றரை மீட்டர் கணக்குக்குள் வருபவை. அதனால் மெதுவாகப் போகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்றே நான் சொல்வேன்.

போடும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், வாரை இறுக்குங்கள். பின்னால் சரிந்த ஹெல்மெட் நெற்றியைக் காக்காது. அப்புறம், ஒருமுறை பலமாக அடிபட்டுவிட்டால் வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். நொறுங்கிய நுரை மீண்டும் உப்பி வராது.