கால்பந்து 'மேனேஜர்' யார்? மேலாளரா, பயிற்சியாளரா?

போன வாரம் ஒரு விளையாட்டுக் கட்டுரையில் மறுபடியும் கண்ணில் பட்டது: "ஆர்சனல் அணியின் முன்னாள் மேலாளர் ஆர்சென் வெங்கர்." நான்கு பத்தி தள்ளி அதே ஆள் "முன்னாள் பயிற்சியாளர்" ஆகிவிட்டார். கால்பந்து பார்க்காத என் சித்தப்பா படித்துவிட்டு, "இவங்க ரெண்டு பேர்ல யாரைத்தான் வெளியே போன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 22 ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்த மனிதருக்கு ஒரே கட்டுரையில் இரண்டு வேலை கொடுத்தால் வாசகர் என்னதான் செய்வார்?

ஆங்கிலத்தில் அவர் பதவி 'மேனேஜர்'. அந்தச் சொல்லின் வேர் எளிது. லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. அதிலிருந்து இத்தாலியில் 'மனெஜ்ஜாரே', முக்கியமாகக் குதிரையைப் பிடித்துப் பழக்குவது. ஆங்கிலத்துக்கு 'மேனேஜ்' ஆக வந்தது. கையை வைத்தே தமிழில் சொல் கட்டலாம் என்றால் 'கையாள்' குறுக்கே நிற்கிறது. அது இன்னொருவருக்கு ஏவல் செய்பவரைக் குறிக்கும். அந்த வழி அடைபட்டது.

'மேலாளர்' வங்கிக்கும் கம்பெனிக்கும் பொருத்தம்தான். ஆனால் விளையாட்டில் அந்தச் சொல்லை நமக்குக் கொடுத்தது கிரிக்கெட். கிரிக்கெட்டில் 'அணி மேலாளர்' என்றால் விமான டிக்கெட், ஓட்டல் அறை, நடுவரிடம் போகும் கடிதம் எல்லாம் பார்த்துக்கொள்பவர். யார் ஆடுவது என்பது அவர் கையில் இல்லை. அதனால் 'ஆர்சனல் மேலாளர்' என்றதும் தமிழ் வாசகர் மனதில் எழும் உருவம், பெட்டிகளை எண்ணிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கும் ஒருவர். இலங்கையில் புழங்கும் 'முகாமையாளர்' என்பதற்கும் இதே குறை உண்டு. அதுவும் எல்லா அலுவலகத்துக்கும் பொதுச்சொல்.

'பயிற்சியாளர்' இன்னும் மோசம். முதலில் இலக்கணம். பயில்வது தன்வினை, பயிற்றுவது பிறவினை. பயிற்சி மருத்துவர் என்றால் கற்றுக்கொண்டிருப்பவர். அப்படியிருக்க, பயிற்சியாளர் மட்டும் எப்படிக் கற்றுக்கொடுப்பவர் ஆனார்? 'பயிற்றுநர்' என்ற தெளிவான சொல் கையிலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழர் 'பயிற்றுவிப்பாளர்' என்று சரியாகவே எழுதுகிறார்கள்.

இலக்கணத்தைக்கூட விட்டுவிடலாம், வழக்கு வென்றுவிட்டது. விட முடியாதது பொருள். வெங்கர் 1996 அக்டோபரில் ஜப்பானின் நகோயா அணியிலிருந்து வந்தபோது லண்டனில் அவரை அறிந்தவர்கள் குறைவு. வந்தவர் பந்து உதைக்க மட்டுமா கற்றுக்கொடுத்தார்? வீரர்களின் சாப்பாட்டுத் தட்டை மாற்றினார். யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதை கிளப்பின் துணைத் தலைவர் டேவிட் டீனோடு சேர்ந்து முடிவு செய்தார். 1999இல் திறந்த லண்டன் கோல்னி பயிற்சித் திடல் எப்படி அமைய வேண்டும் என்பதிலும் அவர் கை இருந்தது. 2006இல் பழைய அரங்கான ஹைபரியை விட்டு எமிரேட்ஸ் அரங்குக்குப் போனபோது, கடன் கொடுத்த வங்கிகள் தன்னை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இருக்கச் சொன்னதாக அவரே பின்னாளில் சொன்னார். எந்தப் பயிற்றுநரை நம்பி வங்கி கடன் கொடுக்கும்?

ரசிகர்களின் பாராட்டும் கோபமும் இந்த முழு அதிகாரத்தைப் பற்றியவைதான். 1998, 2002 இரண்டிலும் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும். 2003-04இல் 38 லீக் ஆட்டத்தில் 26 வெற்றி, 12 சமன், தோல்வியே இல்லை. "ஆர்சென் அறிவார்" என்று பதாகை பிடித்தார்கள். 2005க்குப் பிறகு ஒன்பது ஆண்டு ஒரு கோப்பையும் இல்லை. 2011 ஆகஸ்ட் 28இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று தோற்றதும், அடுத்த மூன்றே நாளில் அர்தெத்தா, மெர்டசாக்கர் என்று ஆட்களை அவசரமாகச் சேர்த்தார். 2015 கோடையிலோ முதல் அணிக்குக் கோல்காப்பாளர் பீட்டர் செக் தவிர யாரையும் வாங்கவில்லை. ரசிகர்கள் கொதித்தது அதற்காக. "பணம் இருந்தும் ஏன் ஆள் எடுக்கவில்லை?" என்று பயிற்றுநரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். 'பயிற்சியாளர்' என்று போட்ட நொடியே அந்தக் கோபம் அர்த்தமற்றதாகிவிடுகிறது. தடுத்தது அவரா, உரிமையாளர் குரோங்கியா என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டதும் புரியாமல் போகிறது.

இந்த வேறுபாட்டை ஆர்சனல் கிளப்பே எழுதிக் காட்டியிருக்கிறது. வெங்கர் 2018இல் போன பிறகு வந்த உனாய் எமெரிக்கு 'ஹெட் கோச்' என்றுதான் பதவி. 2011இல் வீரராகச் சேர்ந்த அதே அர்தெத்தா 2019 டிசம்பரில் திரும்பி வந்தபோது, அவருக்கும் முதலில் அதேதான். 2020 செப்டம்பரில் அவரை 'மேனேஜர்' ஆக்கினார்கள். இரண்டுக்கும் 'பயிற்சியாளர்' என்று எழுதுகிறவர் அந்தச் செய்தியை எப்படி மொழிபெயர்ப்பார்? பயிற்சியாளர் பயிற்சியாளராக உயர்ந்தார் என்றா?

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். அகராதியில் முதலில் வரும் சொல்லை எடுக்கிறார்கள், அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று பார்ப்பதில்லை. 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம் அணியுடன் ஆடிய ஆட்டத்தின்போது "வெங்கர் அவுட்" என்ற பதாகையோடு ஒரு விமானமும், அவரை ஆதரித்து இன்னொரு விமானமும் வானில் பறந்தன. முதல் பதாகையை "வெங்கர் வெளியே" என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். எங்கே வெளியே? வாசலிலா? 'வெள்ளையனே வெளியேறு' என்று முழங்கிய மொழி இது. "வெங்கரே வெளியேறு" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நான் எழுதுவது 'அணிப் பொறுப்பாளர்'. வென்றாலும் தோற்றாலும் யார் பொறுப்பு என்பதுதானே ரசிகரின் முதல் கேள்வி. ஆட்தேர்வு, ஆட்ட உத்தி, ஒழுங்கு எல்லாம் அதில் அடங்கும். 'பொறுப்பு' என்றால் தற்காலிகம் என்று தோன்றாதா, பொறுப்பு துணைவேந்தர் என்கிறோமே என்று நண்பர் ஒருவர் மறித்தார். அங்கே 'பொறுப்பு' பதவிக்கு முன்னால் வரும் அடை. பொறுப்பாளர் அப்படியல்ல, நூலகப் பொறுப்பாளர் முப்பது வருஷம் இருப்பார். தற்காலிகமாக வருபவரை 'இடைக்கால அணிப் பொறுப்பாளர்' என்று தனியே சொல்லிக்கொள்ளலாம். இந்தியன் சூப்பர் லீக் அணிகளில் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். அங்கே பதவியே 'ஹெட் கோச்', தலைமைப் பயிற்றுநர் என்பதே சரி.

2023 ஜூலையில் எமிரேட்ஸ் வாசலில் வெங்கருக்குச் சிலை வைத்தார்கள், தலைக்கு மேல் கோப்பையைத் தூக்கியபடி. அடுத்த முறை அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர், சிலையாக நிற்பவர் 'மேலாளர்' இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.