தேங்காய்க்குத் தொப்பி

போன வாரம் தெலுக் இந்தானில் ஒரு ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, டயர் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். "சார், கடையில என்னைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரா போட்டுட்டாங்க. எல்லாரும் என்னைவிட மூத்தவங்க. முதல் கூட்டத்துலயே என்னை நானே கொஞ்சம் கிண்டல் பண்ணிக்கிட்டா நம்ம பக்கம் வந்துடுவாங்களா?"

மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல், 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு அதிகாரி வைக்கவேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும், ஊழியர்களில் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக நியமித்தாக வேண்டும். அதனால் இப்போது இந்தக் கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள். அவரிடம், "இப்போதைக்கு வேண்டாம்மா" என்றேன். தன்னையே கிண்டல் செய்து பேர் வாங்கியவன் நான். நானே வேண்டாம் என்றதில் அவருக்கு ஏமாற்றம்தான்.

12 வருஷத்துக்கு முன், நான் தோட்டத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். செம்பனைத் தோட்டம், விடியற்காலை 6 மணிப் பெரட்டு, அதாவது வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தும் கூட்டம். எதிரே 40 பேர்: நம் ஆட்கள், இந்தோனேசியர், சில வங்காளதேசிகள். பக்கத்தில் தோட்ட மேலாளரான துரை கைகட்டி நிற்கிறார். தலைக்கவசம் போடாமல் குலை வெட்டப் போகக்கூடாது என்று மலாயில் விளக்கிக்கொண்டிருந்தேன். மலாயில் 'கெப்பாலா' தலை, 'கெலாப்பா' தேங்காய். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். நாக்கு புரண்டுவிட்டது. "எல்லாரும் தேங்காயில் தொப்பி போடுங்கள்" என்று கண்டிப்பான குரலில் உத்தரவு போட்டேன்.

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. துரை நிற்கிறாரே. கடைசி வரிசையில் ஒரு இந்தோனேசியத் தம்பி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. கேட்காதது போலத் தொடர்ந்திருக்கலாம், 'என்ன சிரிப்பு?' என்று அதட்டியும் இருக்கலாம். எனக்கு அப்போதே முன்மண்டை காலி. கவசத்தைக் கழற்றி, தலையைத் தடவிக்கொண்டே, "சரி, இதைப் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லதான்" என்றேன். அப்புறம் கேட்க வேண்டுமா? துரையே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பேர் 'தேங்காய் சார்'.

தெலுக் இந்தான்காரர்களுக்குக் கோணலைக் காட்டிப் பெருமைப்படுவது ஒன்றும் புதிதில்லை. 1885-இல் கட்டிய மணிக்கூண்டு சாய்ந்து நிற்கிறது, அதைப் பார்க்கத்தானே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

முக்கியமான விஷயம் அந்தத் தேங்காய்ப் பெரட்டுக்கு மூன்று வாரம் கழித்து நடந்தது. குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர், வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது, சைக்கிளைவிட்டு இறங்கவும் இல்லை. "தேங்காய் சாரே, யாருகிட்டயும் சொல்லாதீங்க. நேத்து என் கம்பு கரண்டு கம்பிக்கு இவ்வளவு பக்கத்துல போயிடுச்சு" என்று ஒரு சாண் காட்டினார். உயர மரத்தில் வெட்டும் அரிவாளை மாட்டுவது நீண்ட அலுமினியக் கம்பில். கம்பியைத் தொட்டிருந்தால் அந்த அண்ணன் இன்று இல்லை. மறுநாளே அந்த வரிசையில் வெட்டை நிறுத்தினோம், கம்பிக்கு அடியில் இருந்த மரங்களில் சிவப்பு வளையம் அடித்தோம். அவர் பேரை நான் எங்கும் சொல்லவில்லை.

துரை, கணக்கு எழுதும் கிராணி, வெளி வேலையைப் பார்க்கும் கண்டக்டர், ஆட்களை மேய்க்கும் மண்டோர் என்று படிப்படியாக மேலே பார்த்துப் பழகிய இடம் தோட்டம். தப்பைச் சொன்னால் திட்டு, சம்பளப் பிடித்தம் என்ற பயம் தாத்தா காலத்திலிருந்து வருவது. தப்பு செய்ததாகத் தானே ஒத்துக்கொள்கிற ஆளிடம்தான் அவர்களும் தங்கள் தப்பைச் சொல்வார்கள். நகைச்சுவையால் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான். கைதட்டலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படியானால் டயர் கடைப் பெண்ணுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? அந்தத் தேங்காய்க்கு முன்னாலேயே இரண்டு மாதம் நான் அவர்களோடு காடு காடாக நடந்திருந்தேன். பிரேக் சரியில்லாத டிராக்டரை வெளியே விடமாட்டேன் என்று மண்டோரோடு சண்டை போட்டிருந்தேன். வேலை தெரிந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். 1966-இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் அரோன்சனும் கூட்டாளிகளும் மாணவர்களுக்கு வினாடி வினா ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். 92 விழுக்காடு சரியாகச் சொன்னவர் கடைசியில் கோப்பியைத் தன்மேல் கொட்டிக்கொண்டபோது, கொட்டாதபோது பிடித்ததைவிட அவரை அதிகம் பிடித்தது. 30 விழுக்காடு மட்டும் சரியாகச் சொன்னவர் அதே கோப்பியைக் கொட்டியபோது, இருந்த மதிப்பும் இறங்கியது. அந்தப் பெண்ணின் வேலையை அந்தக் கடையில் இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஏற்கெனவே 'சின்னப் பொண்ணு' என்று பார்ப்பவர்கள் முன்னால் 'எனக்கு ஒன்னும் தெரியாது' என்று ஆரம்பித்தால், அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "நம்ம தமிழங்களே இப்படித்தான் லா" என்று கூட்டத்தில் சிரிக்கவைக்கும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னைத்தான் கிண்டல் செய்வதாக அவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற 40 பேரையும் அல்லவா சேர்த்து இழுத்துவிடுகிறார்? அவர் தன் ஆபீசுக்குப் போய்விடுவார், அந்தப் பேச்சு இங்கேயே கிடக்கும்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். தேங்காய் நன்றாக விலைபோனதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. மருந்து அடிக்கும் பெண்களுக்குக் கையுறை வரவழைக்கும் விண்ணப்பப் பாரத்தை மேசையிலேயே போட்டு மறந்துவிட்டேன். பழைய கையுறைகள் விரல் நுனியில் ஓட்டை. இரண்டு வாரம் தாமதம். பெரட்டில், "தேங்காய்க்குள்ள தண்ணிதானே இருக்கும், மூளை எங்க இருக்கும்?" என்று ஆரம்பித்தேன். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கவில்லை. கையை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினார். நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது. "உனக்குச் சிரிப்பா இருக்கு தம்பி. எனக்குச் சோறு பிசைய முடியல."

அன்று மதியமே ஊருக்குள் போய்க் கையுறை வாங்கி வந்தேன். அவரைக் கிளினிக்குக்கும் அனுப்பினேன். மறுநாள் பெரட்டில், பாரத்தை மறந்தது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் பேசவில்லை. மாதக் கடைசியில் ஸ்டோருக்குப் போய்க் கையுறைகளை நானே எண்ணிப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது.

அந்தத் தோட்டத்துப் பக்கம் போனால் இப்போதும் 'தேங்காய் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அக்கா என்னைத் தேங்காய் என்றும் சொல்வதில்லை, தம்பி என்றும் சொல்வதில்லை. "வாங்க ஆபீசர்" என்பார், அவ்வளவுதான்.