மொலாசஸ் வெல்லப்பாகு அன்று

சமையல் காணொளிகளின் அடியில் ஓடும் தமிழ் வரிகளிலும், அயல்நாட்டுத் தின்பண்டங்களின் செய்முறையைத் தமிழில் எழுதித் தரும் பக்கங்களிலும், சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் கருமையான பாகான 'மொலாசஸ்' வரும் இடமெல்லாம் 'வெல்லப்பாகு' என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. பல ஆண்டுகளாகப் பார்த்தும் கேட்டும் பொறுத்திருந்தேன். சென்ற மாதம் என் அண்ணன் மகள் அப்படி ஒரு குறிப்பை நம்பி, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வீடுகளில் தலைமுறைகளாகச் சுட்டுவரும் மெத்தென்ற மொலாசஸ் குக்கீயைச் செய்து பார்த்தாள். இரண்டேகால் கப் மைதா, இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடா, சுக்குப் பொடி, பட்டைப் பொடி, கிராம்புப் பொடி, வெண்ணெய், ஒரு முட்டை ஆகியவற்றோடு 'அரை கப் வெல்லப்பாகு' என்று குறிப்பில் இருந்தது. அவளும் மண்டை வெல்லத்தை உடைத்துக் கரைத்து, மண் போக வடிகட்டி, பிசுக்குப் பதம் வரும்வரை காய்ச்சி ஊற்றினாள். 180 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுத்தபோது மென்மையாகத்தான் இருந்தது. ஆறியபின் கமர்கட்டாகிவிட்டது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டிய நடுப்பகுதி, தட்டில் தட்டினால் டக்கென்று ஒலித்தது. கடித்தால் சோடாவின் உவர்ப்பு நாக்கில் நின்றது. "சொன்னபடிதானே அத்தை செய்தேன்?" என்று அவள் கேட்டாள். சொன்னபடிதான் செய்திருந்தாள். பிழை அவள் கையில் இல்லை, அந்தச் சொல்லில் இருந்தது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் 'மெல்' என்றால் தேன். அதிலிருந்து 'தேன் போன்றது' என்னும் பொருளில் ஒரு சொல் பிறந்து, போர்த்துகீசியத்தில் 'மெலாசோ' ஆயிற்று. கரும்பையும் சர்க்கரையையும் அட்லாண்டிக் கடல் வழியே பரப்பியவர்களில் போர்த்துகீசியர் முன்னோடிகள் ஆதலால், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அவர்களிடமிருந்தே இச்சொல்லை வாங்கிக்கொண்டது. அதன் கடைசியில் நிற்கும் ஒலி பன்மை விகுதிபோல் இருந்தாலும், ஆங்கிலத்தில் அதை ஒருமையாகவே வழங்குகிறார்கள்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, பொருள் எப்படி உண்டாகிறது என்பதே இங்கு முக்கியம். சர்க்கரை ஆலையில் கருப்பஞ்சாற்றைத் தெளியவைத்து, காற்றழுத்தம் குறைந்த கலன்களில் காய்ச்சிச் சுண்டவைத்து, சர்க்கரை மணி கட்டும் நிலைக்குக் கொண்டு வருகிறார்கள். மணியும் பாகும் கலந்த அந்தக் குழம்பை, ஓட்டையுள்ள சல்லடைக் கூடை பொருத்திய எந்திரத்தில் இட்டு வேகமாகச் சுழற்றும்போது, சர்க்கரை கூடைக்குள் தங்கிவிடுகிறது. கருமையான பாகு ஓட்டை வழியே வெளியேறுகிறது. அப்படி வெளியேறும் பாகுதான் மொலாசஸ். அதாவது, சர்க்கரையைப் பிரித்து எடுத்தபின் எஞ்சுவது. இந்தப் 'பிரித்து எடுத்தபின்' என்பதை விட்டுவிட்டால் மொலாசஸுக்குப் பொருளே இல்லை.

வெல்லமோ பிரிக்காதது. அகன்ற கொப்பரையில் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி, அழுக்கை மட்டும் நீக்கி, சாற்றிலுள்ள அனைத்தையும் சேர்த்தே இறுக்கி அச்சில் வார்ப்பது வெல்லம். அதை மீண்டும் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கிடைப்பது வெல்லப்பாகு. அதிரசத்துக்கும் பொரியுருண்டைக்கும் கடலை மிட்டாய்க்கும் நாம் காய்ச்சுவது அதைத்தான். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று அதற்கு ஏற்கெனவே நுட்பமான ஒரு சொல்வரிசை நம்மிடம் இருக்கிறது. தனக்கென்று ஒரு பொருளை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் சொல்லைக் கொண்டுபோய் இன்னொரு பொருளின் தலையில் கட்டுவதை மொழிபெயர்ப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

இதைச் சொன்னபோது ஒருவர், "வெல்லத்துக்குள் மொலாசஸும் அடங்கித்தானே இருக்கிறது, பெரிய வேறுபாடு என்ன?" என்று என்னிடம் கேட்டார். அடங்கித்தான் இருக்கிறது. பொங்கிய சோற்றிலும் கஞ்சி அடங்கித்தான் இருக்கிறது. அதற்காகப் பொங்கிய சோற்றை எவரும் வடிகஞ்சி என்று சொல்வதில்லை. உலை கொதித்து, அரிசி வெந்து, பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தபின் பானையில் நிற்பது சோறு, கீழே பாத்திரத்தில் விழுவது வடிகஞ்சி. வெல்லம் கஞ்சி வடிக்காமல் பொங்கிய சோறு, வெள்ளைச் சர்க்கரை வடித்த சோறு, மொலாசஸ் வடிகஞ்சி. இந்த வேறுபாட்டை அன்றாடம் அடுப்படியில் கையால் செய்துவரும் நாம், எழுத்தில் அதை மறந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

குக்கீ ஏன் கல்லானது என்பதற்கும் இந்த வேறுபாடே காரணம். வெல்லப்பாகில் மணி கட்டக்கூடிய சர்க்கரை முழுவதும் இருப்பதால், சூட்டில் இளகி, ஆறும்போது இறுகுகிறது. கடலை மிட்டாயில் நாம் வேண்டி விரும்பும் குணம் அது. மொலாசஸிலோ அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி முன்பே வெளியேறிவிட்டது. எஞ்சியதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கணிசமாக இருக்கின்றன. இவை எளிதில் மணி கட்டாதவை, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்பவை. அதனால்தான் நல்ல மொலாசஸ் குக்கீ மூடிய டப்பாவில் ஐந்தாம் நாளும் மெத்தென்று இருக்கிறது. அதோடு மொலாசஸ் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. அந்தப் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேரும்போது வாயு உண்டாகி மாவு எழும்புகிறது, சோடாவின் சுவையும் மறைகிறது. குறிப்பில் இரண்டு தேக்கரண்டி சோடா சொல்லப்பட்டிருப்பது மொலாசஸின் புளிப்பைக் கணக்கில் வைத்துத்தான். கூட்டாளியை மாற்றிவிட்டுச் சோடாவின் அளவை மட்டும் அப்படியே விட்டால், அது தனித்து நின்று நாக்கைக் கெடுக்காமல் வேறென்ன செய்யும்?

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் சமாதானம், "தமிழ் வாசகருக்குத் தெரிந்த சொல்லைப் போட்டோம்" என்பது. தெரிந்த சொல்லைப் போடுவது நல்ல கொள்கைதான். ஆனால் அந்தச் சொல் காட்டும் பொருள், மூலத்திலுள்ள பொருளாகவும் இருக்க வேண்டும். தெரியாத சொல்லைக் கண்டால் வாசகர் நின்று விசாரிப்பார். தவறான தெரிந்த சொல்லைக் கண்டால் விசாரிக்கவே மாட்டார். கடையில் தேட வேண்டும் என்றே என் அண்ணன் மகளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் வெல்லம் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய ஐயத்துக்கு இடமே தராமல் அந்தச் சொல் அடைத்துவிட்டது.

சமையலோடு இது நிற்பதும் இல்லை. 1919 சனவரி 15 அன்று பாஸ்டன் நகரின் வடமுனைப் பகுதியில், ஏறத்தாழ 50 அடி உயரமுள்ள மொலாசஸ் தொட்டி வெடித்து, சுமார் 23 லட்சம் காலன் தெருவில் பாய்ந்து, 21 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 150 பேர் காயமடைந்தார்கள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'வெல்லப்பாகு வெள்ளம்' என்று தலைப்பிடுகிறார்கள். படிக்கிற பிள்ளை, எதற்காக ஒரு நகரத்தில் இவ்வளவு வெல்லத்தைக் கரைத்து வைத்தார்கள் என்றுதானே கேட்கும்? அது தொழிற்சாலைச் சாராயம் எடுப்பதற்காகச் சேர்த்து வைத்த ஆலைப் பாகு. நம் ஊர்ச் சர்க்கரை ஆலைகளிலிருந்து வடிசாலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் அதே பொருள். சரியான சொல் இருந்திருந்தால், நம் கண்முன் நடக்கும் தொழிலோடு அந்த நிகழ்ச்சியை வாசகர் தாமே இணைத்துக்கொண்டிருப்பார்.

நியூ இங்கிலாந்தில் மொலாசஸ் சமையலறைக்கு வந்ததும் அது எஞ்சிய பொருள் என்பதால்தான். கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் சர்க்கரை செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். மலிவான பாகு வடக்கே பாஸ்டன் போன்ற துறைமுகங்களுக்கு வந்து, பெரும்பகுதி ரம்மாகவும் மிச்சம் ஏழை வீடுகளின் இனிப்பாகவும் ஆனது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1733இல் அயல் தீவுகளின் மொலாசஸுக்குக் காலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்து, 1764இல் அதை 3 பென்ஸாகக் குறைத்துக் கறாராக வசூலிக்க முற்பட்டது அமெரிக்கக் குடியேற்றங்களின் கசப்புக்கு ஒரு காரணம். பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் மார்பிள்ஹெட் ஊரின் 'ஜோ ஃபிராகர்' குக்கீயும் இந்த மலிவுப் பாகில் பிறந்தவை. ஜோ ஃபிராகர் உள்ளங்கை அகலம் இருக்கும். மொலாசஸோடு ரம்மும் சேரும். இவற்றையெல்லாம் வெல்லப்பாகு என்று எழுதினால், வெள்ளைச் சர்க்கரை வாங்க முடியாத வீட்டின் கதை முழுவதும் அழிந்துபோகிறது.

மொலாசஸுக்கு வழங்கும் அடுத்த தமிழ்ச்சொல் 'கழிவுப்பாகு'. பள்ளி அறிவியல் பாடத்தில் எத்தனால் தயாரிப்பைச் சொல்லுமிடத்தில் இச்சொல் வழங்குகிறது. பொருளைச் சரியாகக் காட்டுகிறது என்பதால் வெல்லப்பாகைவிட இது எவ்வளவோ மேல். ஆலைக்கும் வடிசாலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் அது போதும். ஆயினும், உண்ணும் பண்டத்தின் குறிப்பில் 'கழிவு அரை கப்' என்று எழுத எவருக்கும் கை வராது. அந்தக் கூச்சம்தான் மொழிபெயர்ப்பாளர்களை வெல்லப்பாகின் பக்கம் தள்ளியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தவிரவும் இது வீணாகக் கழித்த பொருள் அன்று. வடிகஞ்சியை நாம் கழிவு என்று சொல்வதில்லை. உப்புப் போட்டுக் குடிக்கிறோம், சேலைக்குக் கஞ்சி போடுகிறோம்.

'கருந்தேன்' என்று எழுதுவோரும் உண்டு. மூலச்சொல்லில் தேன் இருப்பதால் அவர்கள் அதை நியாயம் என்கிறார்கள். வேர்ப்பொருளும் வழங்குபொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிரித்தானியர் இதே வகைப் பாகை 'ட்ரீக்கிள்' என்கிறார்கள். அது நஞ்சுமுறி மருந்தைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதை நஞ்சுமுறி என்றா மொழிபெயர்ப்போம்? இலங்கையில் கித்துள் பாணியையும் ஆங்கிலத்தில் ட்ரீக்கிள் என்றே எழுதுகிறார்கள். அதுவும் சர்க்கரை பிரிக்காத பாகு என்பதால், அதை மொலாசஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் பரிந்துரை 'வடிபாகு'. வடிகஞ்சி, வடிநீர் என்பவை போல இதுவும் வினைத்தொகை. ஆகவே ஒற்று மிகாது, 'வடிப்பாகு' என்று எழுதக் கூடாது. பனங்கற்கண்டு செய்கிறவர்கள் காய்ச்சிய பதநீரைப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்து, கற்கண்டு விளைந்தபின் மிஞ்சிய பாகை வடித்துவிட்டே கற்கண்டை எடுக்கிறார்கள். செயல் நம்முடையது, வினைச்சொல்லும் நம்முடையது. பெயர் மட்டும் எழுத்துக்கு வராமல் இருக்கிறது. 'வடித்தல்' சாராயம் வடிப்பதையும் குறிக்குமே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். சாராயத்தில் வடிவது ஆவி குளிர்ந்த நீர்மம். பாகு ஆவியாகி வடியாது. 'பாகு' என்ற இரண்டாம் சொல்லே அந்தக் குழப்பத்தைத் தடுத்துவிடுகிறது. புதிய சொல்லை ஏற்க மனம் வராதவர்கள் 'மொலாசஸ்' என்றே தமிழெழுத்தில் எழுதட்டும். பொய்யான தமிழைவிட நேர்மையான கடன்சொல் எனக்கு உவப்பானது.

இந்த ஒரு சொல் பிழைத்ததால் அதன் உறவுச் சொற்களும் பிழைபடுகின்றன. அதே குக்கீக் குறிப்பில் வரும் பிரவுன் சுகரை 'நாட்டுச்சர்க்கரை' என்று எழுதுகிறார்கள். ஆலைகளில் பெரும்பாலும் அது வெள்ளைச் சர்க்கரையில் வடிபாகைத் திரும்பக் கலந்து செய்வது. வெளிர்நிற வகையில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு, அடர்நிற வகையில் 6.5 விழுக்காடு. நாட்டுச்சர்க்கரையில் எதையும் பிரிக்கவும் இல்லை, திரும்பக் கலக்கவும் இல்லை. 'பழுப்புச் சர்க்கரை' என்று எழுதினால் போதுமே.

வடிபாகு என்று வைத்துக்கொண்டால் வகைகளுக்கும் பெயர் எளிதாக அமைகிறது. ஆலையில் பாகை மூன்று முறை காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். முதல் முறை வடிவது முதல் வடிபாகு. நிறமும் கசப்பும் குறைவு, குக்கீக்கு ஏற்றது. அடுத்தது இரண்டாம் வடிபாகு. நிறம் அடர்த்தி, மசாலா மிகுந்த பண்டத்துக்குத் தாங்கும். மூன்றாவது, ஆங்கிலத்தில் 'பிளாக்ஸ்டிராப்' எனப்படுவது. இதைக் 'கரும்பட்டை' என்று எழுதியதையும் ஒருமுறை கண்டேன். ஆங்கிலத்தில் ஸ்டிராப் என்பது தோல்பட்டையையும் குறிப்பதால் வந்த வினை இது. டச்சு மொழியில் பாகைக் குறிக்கும் 'ஸ்ட்ரோப்' என்பதன் வழிவந்தது அச்சொல் என்பர். அதைக் கடைவடிபாகு எனலாம். கசப்பு மிகுந்தது என்பதால், குக்கீயில் முழு அளவுக்கும் அதையே ஊற்றக் கூடாது. புட்டியில் கந்தகம் சேர்க்காதது என்று குறித்திருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.