கன்னிமாரா பட்டம் ஏன் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை? பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டங்களின் வாரிசு விதிகள்

சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்தவர் ராபர்ட் போர்க். 1886 முதல் 1890 வரை மதராஸ் ஆளுநராக இருந்தவர். பதவியில் இருக்கும்போதே, 1887-இல், கன்னிமாரா பிரபு என்ற பரம்பரைப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1902-இல் அவர் இறந்த அன்றே அந்தப் பட்டமும் முடிந்துபோனது. அவருக்குப் பிள்ளை இல்லை. ஆனால் பங்காளிகளுக்குப் பஞ்சமில்லை: 1872-இல் அந்தமானில் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபு இவருடைய கூடப்பிறந்த அண்ணன். மேயோ பட்டம் அண்ணன் பிள்ளைகளிடம் தொடர்ந்தது. கன்னிமாரா பட்டம் அவர்களுக்குப் போகவில்லை.

காரணம், பட்டம் வழங்கும் அரச சாசனத்தின் ஒரு வரி. 'இவருக்கும், இவர் உடல்வழி முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கும்' என்பதுதான் வழக்கமான வாசகம். வாரிசுக் கணக்கு, முதலில் பட்டம் பெற்றவரிடம் தொடங்கி, மகன், மகனின் மகன் என்று கீழ்நோக்கித்தான் போகும். அண்ணன் அவர் வழிவந்தவர் அல்ல, ஆகவே அண்ணன் பிள்ளைகளும் கணக்கில் இல்லை. உயில் எழுதியோ விற்றோ தானம் கொடுத்தோ இதை மாற்ற முடியாது. வீடும் நிலமும் ஒருவருக்குப் போக, பட்டம் வேறொருவருக்குப் போவது அங்கே சகஜம்.

ஒரே ஆளிடம் பல பட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. போர்க்கின் முதல் மனைவியின் தந்தை, கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசி. அவருக்குப் பெண்கள் மட்டுமே. 1849-இல் அவருக்கே வழங்கப்பட்ட மார்க்விஸ் பட்டம் (மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்பவை மேலிருந்து கீழாகப் பிரபுப் பட்டங்களின் படிநிலைகள்) 1860-இல் அவரோடு அற்றது. 1633-இல் முன்னோருக்குக் கிடைத்த ஏர்ல் பட்டம் மட்டும் சித்தப்பா மகனுக்குப் போனது. அவரும் அந்த முன்னோரின் ஆண்வழியில் வந்தவர் என்பதால்தான்.

சாசனத்திலேயே மாற்று வழி எழுதிவைப்பதும் உண்டு. கடற்படைத் தளபதி நெல்சனுக்கு 1801-இல் கிடைத்த இரண்டாவது பாரன் பட்டத்தில், அவருக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் அவர் தந்தையின் ஆண்வழிக்கும், அதுவும் இல்லாவிட்டால் சகோதரிகளின் ஆண்வழிக்கும் போகும் என்று இருந்தது. 1805-இல் டிரஃபால்கர் போரில் அவர் இறந்ததும் வைகவுண்ட் பட்டமும் 1798-ஆம் ஆண்டின் பாரன் பட்டமும் அற்றுப்போயின. 1801-ஆம் ஆண்டின் பாரன் பட்டம் மட்டும் அண்ணன் வில்லியமுக்கும், 1835-இல் சகோதரி மகனுக்கும் சென்றது.

சாசனம் இல்லாமல், பாராளுமன்றத்துக்கு வரச்சொன்ன அழைப்பாணையால் உருவான பழைய பாரன் பட்டங்கள் வேறு வகை. மகன் இல்லாவிட்டால் அவை பெண்களுக்கும் போகும். ஆனால் மூத்தவள் இளையவள் என்ற பேதம் கிடையாது. சகோதரிகள் இருவர் இருந்தால் உரிமை சமமாகப் பிரிந்து, பட்டம் யாரிடமும் இல்லாமல் தொங்கும். ஒரே வாரிசு மிஞ்சும்வரை, அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை அப்படியே கிடக்கும். இதை அற்றுப்போன பட்டம் என்று எழுதுவது தவறு.

யாருக்குக் கிடையாது? தத்துப்பிள்ளைக்கு இல்லை. திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும் இல்லை. பெற்றோர் பிறகு மணந்துகொண்டால் மற்ற உரிமைகள் வந்தாலும், இங்கிலாந்துச் சட்டப்படி பட்டம் வராது. பலர் சறுக்கும் இடம் இதுதான்: பெற்றோரின் திருமணத் தேதியும் பிள்ளையின் பிறந்த தேதியும் ஒத்துவராது.

பட்டம் வைத்திருந்தவர் இறந்த கணமே உரிமை வாரிசுக்கு வந்துவிடுகிறது. ஆனால் பிரபுக்களின் பதிவேட்டிலோ, பிரபு நிலைக்குக் கீழான 'சர்' பட்டக்காரர்களான பாரோனெட்டுகளின் பதிவேட்டிலோ பெயர் ஏறாமல் அரசு ஆவணங்களில் அந்தப் பட்டம் இடம்பெறாது. பாரோனெட் பதிவேடு 1910-ஆம் ஆண்டு அரசாணையிலும், பிரபுக்கள் பதிவேடு 2004-ஆம் ஆண்டு அரசாணையிலும் ஏற்பட்டவை. முன்னவரின் இறப்புச் சான்று, பெற்றோர் பெயருள்ள முழுப் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, குடும்பத்தை அறிந்தவரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை வேண்டும். மகனுக்கு இது எளிது. பங்காளி என்றால், இடையில் இருந்த ஒவ்வொரு கிளையிலும் ஆண் வாரிசு இல்லை என்று காட்டியாக வேண்டும். நூறு வருடத்துக்கு முன் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கப்பலேறிய ஒரு தம்பி போதும், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

விதவை கருவுற்றிருந்தால் பிரசவம்வரை காத்திருக்க வேண்டும். டிச்போர்ன் குடும்பத்து பாரோனெட் ஆல்ஃபிரட் 1866 பிப்ரவரியில் இறந்தார். மே மாதம் பிறந்த மகன் ஹென்றி, பிறக்கும்போதே பாரோனெட். 1621-இல் தொடங்கிய அந்தப் பட்டம் 1968-இல் ஆண் வாரிசின்றி முடிந்தது.

பிரபுப் பட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் வழி விட்டது. பட்டம் வந்த 12 மாதத்துக்குள் துறக்கலாம். 21 வயதாகாதவருக்கு அந்த வயதிலிருந்து 12 மாதம். கீழவை உறுப்பினருக்கு 1999 வரை ஒரு மாதம்தான் இருந்தது. துறந்தவரின் ஆயுள்வரை பட்டம் உறங்கும், சாகாது. டோனி பென் 1963-இல் துறந்த ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டம், 2014-இல் அவர் இறந்ததும் மூத்த மகனிடம் வந்து சேர்ந்தது.